சத்தம் வந்து படம் வரலைன்னா பேனல் போச்சுன்னு அர்த்தமில்லை

மேலே ஒரு அண்ணன், "எல்இடி டிவியில சத்தம் மட்டும் வந்து திரை கருப்பா இருந்தா பேனல் காலி, புதுசு வாங்கிடுங்க"ன்னு போட்டிருக்கார். அவசரப்படாதீங்க. பல நேரம் போயிருக்கிறது படம் காட்டுற திரையான பேனல் இல்லை, அதுக்குப் பின்னாடி வெளிச்சம் தர்ற பேக்லைட்.

ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு டிவியைப் போடுங்க. செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாப் பிடிங்க. சேனல் லோகோவோ மெனு எழுத்தோ மங்கலாத் தெரிஞ்சா பேனல் நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிற எல்இடிகளைத் தொடரா இணைச்சிருப்பாங்க; பழைய சீரியல் செட் மாதிரி ஒண்ணு போனா மொத்த வரிசையும் அணைஞ்சிடும். அந்த எல்இடிகள் இருக்கிற பட்டையை மாத்துற செலவு பேனல் விலையில சின்னப் பங்குதான். ஆனா யூடியூப் பார்த்து நீங்களே பிரிக்காதீங்க. பேனலைக் கழற்றித்தான் பட்டையைத் தொடணும், கை தவறினா அப்போ நிஜமாவே பேனல் காலி! மாத்தினதும் செட்டிங்ஸ்ல பேக்லைட் அளவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, சூடு குறையும்.

டார்ச்சுல ஒண்ணுமே தெரியலைன்னாலும் உடனே பேனல்னு முடிவு பண்ண வேண்டாம், பேனலுக்குப் படத் தகவலை அனுப்புற டி-கான் போர்டா, தட்டையா இருக்கிற இணைப்பு வயரான ரிப்பன் கேபிளான்னு மெக்கானிக் பார்க்கட்டும். ஓஎல்இடி டிவிக்கு மட்டும் இந்த டார்ச் சோதனை செல்லாது, அதுல பேக்லைட்டே கிடையாது.