மரநாய் செத்தது, குஞ்சுகள் இன்னும் காணாமல் போகின்றன

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தக் கோழிக்கூண்டுப் படத்தை என் நட்புப் பட்டியலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு ஒரே வரி: நண்பர் ஒருவரின் கூண்டில் கோழிக்குஞ்சுகள் காணாமல் போயின, அதற்காக அவர் போட்ட படம் அது. "மரநாய்தான், சந்தேகமே வேண்டாம்" என்று கீழே தீர்ப்பு எழுதியவர்களில் எத்தனை பேர் மரநாயை நேரில் பார்த்திருப்பார்கள்? நான் எழுதியது ஒரே ஒரு வரி: "அவசரப்படாதீர்கள், முதலில் தரையைப் பாருங்கள்." அதற்குக் கிடைத்த பட்டம் "நாற்காலி நிபுணர்". சரி, இருக்கட்டும். புதன்கிழமை, விஷம் தின்று செத்துக் கிடந்த மரநாயின் படம் வந்தது. வாழ்த்துகள் குவிந்தன. வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு குஞ்சுகளைக் காணவில்லை. அதற்கு மட்டும் யாரும் படம் போடவில்லை.

அந்த முதல் படத்தை இப்போதாவது ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கூண்டின் மேல்வலை கிழியவில்லை. கதவு சரியாக இருக்கிறது. கூண்டுக்கு அடியில் கைமுட்டி அளவுக்கு ஒரு வளை, அதன் வாயில் பொலபொலவென்று புதுமண். மரநாய் ஏறிப் பழகிய பிராணி. மரத்தில் வரும், கூரையில் வரும், மேலே இடுக்கு கிடைத்தால் நுழையும். சுரங்கம் தோண்டி வருவது அதன் வழக்கமே இல்லை. வளை தோண்டி வாசலில் மண்ணைக் குவித்து வைப்பது பெருச்சாளி. சின்னக் குஞ்சை இழுத்துப் போக அதனால் முடியும். பெயரில் 'நாய்' இருப்பதால் பலர் மரநாயை நாய் இனம் என்றே நினைக்கிறார்கள். அது நாயும் இல்லை, பூனையும் இல்லை. தடத்தைப் பார்த்தாலே தெரியும். நாய்க்கும் பூனைக்கும் நாலு விரல் பதியும், நாய்க்கு நகமும் சேர்ந்து பதியும். மரநாய்க்கு ஐந்து விரல். எண்ணிப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்?

இது கோழிக்கூண்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. நட்ட செடிக்கன்று மொட்டையாக இருந்தால் உடனே "மான்" என்கிறோம். வெட்டுவாயைப் பார்த்தோமா? மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, அதனால் கடித்த இடம் பிய்ந்து நார்நாராக இருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருக்கும், அதுவும் தரைக்குப் பக்கத்தில். நிலம் கிளறியிருந்தால் "பன்றி". பெரும்பாலும் பன்றிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பன்றி வந்தால் மூக்கால் உழுதது போல மண் நீளத்துக்குப் புரண்டு கிடக்கும், குளம்புத் தடம் இருக்கும், பக்கத்து மரத்தில் சேற்றோடு உடம்பைத் தேய்த்த அடையாளமும் கிடைக்கலாம். கிழங்குக்காக அங்கங்கே குழி பறித்திருந்து, மரத்தின் அடிப்பட்டையில் இணை இணையாகப் பல் கீறலும் இருந்தால் அது முள்ளம்பன்றி. ஒரு முள்ளாவது உதிர்ந்து கிடக்கும், தேடுங்கள். (முள்ளை அம்பு மாதிரி எறியும் என்று இனிமேல் யாரும் எழுத வேண்டாம். எறியாது.) மரத்தடியில் மென்று துப்பிய சக்கை கிடந்தால் பழந்தின்னி வௌவால். பாதி கடித்த பழங்கள் இறைந்து கிடந்தால் குரங்கு என்று சொல்லவே வேண்டாம்.

"பெரிய மேதாவி" என்று இந்நேரம் யாராவது தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பீர்கள். மேதாவி இல்லை ஐயா. பட்டுத் தெரிந்துகொண்டவன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கூண்டில் தினமும் முட்டை குறைந்தது. கீரிதான் என்று முடிவு கட்டிவிட்டேன், ஏனென்றால் ஒருநாள் பகலில் வேலியோரம் ஒரு கீரியைப் பார்த்திருந்தேன். என் கையில் இருந்த மொத்த சாட்சியமும் அவ்வளவுதான். பொறி வாங்க விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் தடுத்தார். "சாம்பலைத் தூவிட்டுப் படுடா, காலையில பேசிக்கலாம்" என்றார். கூண்டைச் சுற்றி மெல்லிசாகத் தூவினோம். விடியற்காலை சாய்ந்த வெளிச்சத்தில் போய்ப் பார்த்தால் அழகாக நாலு விரல், நகத்தோடு. தடம் கூண்டிலிருந்து நேராக எங்கள் வாசல்படிக்கு வந்து, என் செருப்புக்குப் பக்கத்தில் முடிந்தது. எங்கள் நாய், ஒன்றுமே தெரியாத முகத்தோடு வாலாட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் விஷம் வைத்திருந்தால் முதலில் யார் செத்திருப்பார்கள்? இந்த ஒரு கேள்வியைத்தான் ஞாயிற்றுக்கிழமையும் கேட்க நினைத்தேன்.

"உனக்கென்ன, நஷ்டம் எங்களுக்குத்தானே" என்கிறார்கள். இந்த வாதம்தான் எனக்குப் புரியவே இல்லை. நஷ்டம் உங்களுடையது என்பதால்தானே சொல்கிறேன்? ஆளைத் தெரியாமல் வைக்கும் பொறியிலும் வேலியிலும் போகும் பணமும் உங்களுடையதுதானே? பெருச்சாளிக்கு அடித்தளத்தை அடைக்க வேண்டும், மரநாய்க்கு மேல்பக்கத்தை மூட வேண்டும். இரண்டும் ஒரே வேலையா? "ராத்திரியெல்லாம் தடம் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா" என்று இன்னொருவர். யார் உட்காரச் சொன்னது? தூவிவிட்டுத் தூங்குங்கள். பன்றிக் கூட்டம் ஒரே இரவில் மொத்த விளைச்சலையும் அழித்துவிடும், அங்கே பொறுமை பேச முடியாது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மைதான். ஆனால் நாம் பேசியது பன்றியைப் பற்றி இல்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். மரநாய் எலியையும் பிடித்துத் தின்னும். கூண்டுக்கு அடியில் எலிக்கூட்டத்தை வைத்துக்கொண்டு, எலி தின்னுகிற பிராணியைக் கொன்றுவிட்டு, அதற்கு எழுபது இதயக்குறி. படத்தில் அதன் மடி தெரிந்ததைக் கவனித்தீர்களா? பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய். குட்டிகள் ஏதோ ஒரு பொந்தில் இருந்திருக்கும். நான் அன்றைக்கு ஒரு வரி எழுதியதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்க வேண்டும். 'நாற்காலி நிபுணர்' என்றதும் ரோஷம் வந்து ஒதுங்கிவிட்டேன். அதுவும் சேர்ந்துதான் இப்போது உறுத்துகிறது.

அந்தக் கூண்டுக்காரரோடு பதினைந்து வருட நட்பு. நேற்று வழியில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் செய்த குற்றம், தரையைப் பார்க்கச் சொன்னது. இன்று காலையும் ஒரு குஞ்சு இல்லையாம். அவர் வீட்டுப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்த வளை வாயில் புதுமண் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். நான் கேட்டால் பதில் வராது.