மூன்றாவது ரிலே

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் பம்ப் ரிலே, அதாவது பம்புக்குக் கரண்ட் விடும் சின்ன மின் சுவிட்ச், இந்த வருடம் மூன்றாவது முறையாகப் போய்விட்டது. இந்தத் தடவை புதுச்சேரி மறைமலை அடிகள் சாலையில், நடு டிராஃபிக்கில். போகிற இடத்தில் எல்லாம் புது ரிலேயைச் சொருகி, "சரியாயிடும் சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அது ஏன் போகிறது என்று யாருமே பார்ப்பதில்லை!

கழற்றியதை நானே பிரித்தேன். 85, 86 என்று எண் போட்ட பின்களுக்கு நடுவே இருக்கும், சுவிட்சை இழுக்கும் கம்பிச்சுருள் (coil) நன்றாகத்தான் இருக்கிறது. 30-ஐயும் 87-ஐயும் இணைத்துப் பம்புக்குக் கரண்ட் விடும் கான்டாக்ட்தான் கருகிக் கிடக்கிறது. அப்படியென்றால் பம்ப் அதிகக் கரண்ட் இழுக்கிறதா, சாக்கெட் பின் தளர்ந்து சூடாகிறதா என்றல்லவா பார்க்க வேண்டும்? அதுவும் இந்த உப்புக்காற்றில் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடுகிறது. பம்ப் வயரில் மீட்டர் வைத்து ஆம்பியர் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கெஞ்சிக் கேட்டும் ஒருவரும் வைக்கவில்லை.