கழற்றுவது களத்தில், அமுக்குவது பட்டறையில்

"காரோட முன் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாத்திட்டீங்களாமே?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். முக்கால்வாசி வேலைதான் வீட்டில் நடந்தது. மீதிக் கால்வாசியை ஏன் வீட்டில் செய்யவில்லை என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நடவு நேரத்தில் டிராக்டர்கள் சேற்றில் ஓட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தைக்கூட (கேஜ் வீல்) கழற்றாமல் தார் ரோட்டில் ஏறிக் கொத்திப் போட்டுவிடும். ஐப்பசி மழையில் அந்தக் குழிகளில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆழமே தெரியாது. என் 12 வருஷப் பழைய கார் ஒரு காலையில் இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொங்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் இடது ஸ்பிரிங்கின் அடிச்சுற்று ஒடிந்து, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் கிடக்கிறது.

பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒடியும். அந்தக் கிண்ணத்தில் சேறு அப்பிக்கொண்டால் மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் உள்ளே ஈரம் காயாது. கல் பட்டுப் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் துரு ஏறும். அப்புறம் ஒரு குழி போதும்.

சித்தப்பா, "ரப்பர் வளையம் வாங்கிச் சுத்துக்கு நடுவுல சொருகுடா, தூக்கிக்கும்" என்றார். எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. ரப்பர் சொருகிய சுற்று வேலை செய்யாது. அதன் பங்கையும் மற்ற சுற்றுகள் சுமக்க வேண்டும். ஒடிந்ததற்கு அது மருந்தும் இல்லை. வலது பக்கம் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டுமே புதிதாக வாங்கினேன். ஒன்று புதிது, ஒன்று 12 வருஷம் உட்கார்ந்து தளர்ந்தது என்றால் வண்டி மறுபடியும் கோணல்தான்.

வாசலில் ஜாக்கி வைத்த முதல் நாளே பாடம். ஈரக் களிமண்ணில் ஜாக்கி வண்டியைத் தூக்கவில்லை, தானே மண்ணுக்குள் போனது. நெல் காயாத நாளாகப் பார்த்து வண்டியைச் சிமெண்ட் களத்துக்குக் கொண்டுபோனேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தேன்.

கழற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சக்கரத்தை எடுத்ததும் பிரேக் ஹோஸை (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) கிளிப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட்; அதன் அடியில் இரண்டு போல்ட். கழற்றுமுன் அவை இருந்த இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் சக்கரத்தின் சாய்வு அதிகம் மாறாது. போல்ட்டை உருவியதும் பிரேக்கோடு சேர்ந்த கனம் வெளியே சாயும்; அது ஹோஸை இழுக்காமல் இருக்க நான் கயிற்றால் கட்டி வைத்தேன். கடைசியில் பானட்டைத் திறந்து, மேலே வட்டமாக இருக்கும் சின்ன நட்டுகள்.

என் கை தப்பாகப் போனது இங்கேதான். அந்த வட்டத்தின் நடுவே பெரிய நட்டு ஒன்று 'என்னைக் கழற்று' என்பதுபோல் உட்கார்ந்திருக்கும். ஸ்பானரையும் அதில் மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு டிராக்டர் ஓட்டும் தம்பி, "அண்ணே, அதைத் தொடாதீங்க!" என்று கத்தினான். அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான். சின்னக் காரிலும் ஒரு முன்சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 200 கிலோ உட்கார்ந்திருக்கும். அதைத் தாங்குகிற ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு அமுக்கினால் அதற்குள் சேரும் சக்தி நான்கு மடங்கு. அது முகத்துக்கு நேரே விடுபட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்த பிறகுதான் அந்த நட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை மாற்ற முடியும். அப்படி அமுக்க ஆன்லைனில் இரண்டு கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரசர் மலிவாகக் கிடைக்கிறது. எதிரெதிரே சரியாக மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினால் வேலை நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பக்கம் கூடிப்போனால் ஸ்பிரிங் வாழைப்பழமாக வளையும், கொக்கி வழுக்கும். இரும்புக் கம்பியால் கட்டி அமுக்கிய பட்டறையையும் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம்.

இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்கில் சுற்றி, பைக்கில் வைத்து மன்னார்குடிக்குக் கொண்டுபோனேன். நிலையாகப் பொருத்திய அமுக்கு மிஷின் இருக்கிற பட்டறை அது. ஒன்றுக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனது. அங்கிருந்த பெரியவர் புது ஸ்பிரிங்கின் முனையை விரலால் தடவிப் பார்த்து, கிண்ணத்தில் உள்ள படியில் முட்ட வைத்த பிறகுதான் மிஷினை விட்டார். "அந்தக் கால அம்பாசடர்ல இந்த வம்பே இல்ல தம்பி, முன்னாடி டார்ஷன் பார்தான்" என்றார். சரிதான். முன்னால் முறுக்குத் தண்டு, பின்னால் பட்டை ஸ்பிரிங். அதில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது.

திரும்பி வந்து மாட்டியதில் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. முன்பக்கம் உயர்ந்ததில் ஹெட்லைட் மேலே பார்க்கத் தொடங்கியது எனக்கு உறைக்கவே இல்லை. எதிரே வந்த பால்காரர் வண்டியை நிறுத்தித் திட்டிவிட்டுப் போன பிறகுதான் அதைத் தாழ்த்தினேன்.