19,000 ரூபாய்க் கத்தியும் ஒரு மல்கோவாவும்

கொஞ்சம் கோபத்தில் எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும். மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வரச் சொல்லி மூன்று மாதம் காத்திருந்த மடக்குக் கத்தி ஒருவழியாகக் கைக்கு வந்தது. நம்ம ஊர்க் கணக்கில் 19,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். பெட்டியைத் திறந்து கட்டைவிரலால் ஒரு தள்ளு. எண்ணெய் விட்ட கதவு மாதிரி அலகு திறந்து 'டக்' என்று பூட்டிக்கொண்டது. மூடினால் இரண்டு பிடித்தகட்டுக்கும் நட்டநடுவில் போய் உட்காருகிறது. மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன், ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மச்சானுக்கு இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னேன்.

அப்புறம்தான் கூடையிலிருந்து ஒரு மல்கோவாவை எடுத்தேன்.

தோல் மேல் வைத்து இழுத்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகிறது. அழுத்தினேன். தோல் உள்வாங்கி, சாறு பிதுங்கி, கடைசியில் பிய்ந்தது. வெட்டுப்பட்டது என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, பிய்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்த என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், வெங்காயம் அரிகிற 60 ரூபாய்க் கத்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மச்சான் இட்லியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, பழம் ரொம்பக் கனிந்துவிட்டது போல என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேப்பரை எடுத்து வெட்டினேன். முதல் இரண்டு அங்குலம் போனது, அப்புறம் மாட்டிக் கிழித்தது, மறுபடி போனது. கை முடியை மழிக்குமா என்று பார்த்தால் ஒரு பக்கம் வைத்தால் லேசாக மழிக்கிறது, திருப்பி வைத்தால் ஒன்றுமே இல்லை. கத்தி தீட்டிப் பழகியவர்களுக்கு இந்த இடத்திலேயே என்ன கோளாறு என்று தெரிந்திருக்கும். பிசிறு. விளிம்பின் நுனியில் இரும்பு ஒரு பக்கமாக மடங்கி மெல்லிசாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் எடுக்கவே இல்லை.

உறுதி செய்துகொள்ள எங்கள் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். அங்கே வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற நண்பனிடம், கண்ணில் இடுக்கிப் பார்க்கிற 10 மடங்கு லென்ஸ் இருக்கிறது. அதில் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு பக்கச் சரிவு அகலமாகவும் மறு பக்கம் அதில் பாதியாகவும் இருக்கிறது. பிடியை ஒட்டிய மூன்று நான்கு மில்லிமீட்டரில் சாணை படவே இல்லை. முனையை யாரோ அவசரத்தில் கொஞ்சம் உருட்டி விட்டிருக்கிறார்கள். பிசிறு கோடு போட்ட மாதிரி முழு நீளத்துக்கும் ஓடுகிறது. நண்பன் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாங்க திருகாணி இல்லாம கொலுசு கொடுத்தா நீ சும்மா விடுவியாடா?" என்றான்.

இதைத்தான் நானும் கேட்கிறேன். ஏனென்றால் இந்த விலையுயர்ந்த கத்திகளின் ரசிகர்களிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. இவ்வளவு காசு போட்டு வாங்குகிறவன் எப்படியும் தன் கைக்கு ஏற்ற மாதிரி தீட்டிக்கொள்வான், கம்பெனி வைத்துத் தருகிற கூர் ஒரு பொருட்டே இல்லை என்பார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தீட்டத் தெரிந்தவனுக்கு அது பொருட்டில்லைதான், ஆனால் என் மச்சான் மாதிரி ஒருத்தன் ஆசைப்பட்டு முதல் முறை வாங்கினால் அவன் என்ன செய்வான்? பிய்த்துத்தான் மாம்பழம் தின்பான், அப்புறம் கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். சில அமெரிக்கக் கம்பெனிகள் ஆயுள் முழுக்க இலவசமாகத் தீட்டித் தருகிறோம் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். சேலத்திலிருந்து கடல் தாண்டிக் கத்தியைப் பார்சல் அனுப்பி, திரும்பி வரும்போது சுங்கத்தில் பதில் சொல்லி வாங்குகிற தபால் செலவுக்கு இங்கே வீட்டுக்கே ஒரு செட் கத்தி வாங்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கத்தி செய்வதில் கஷ்டமான வேலையை எல்லாம் அவர்கள் அருமையாகச் செய்திருக்கிறார்கள். இந்த அலகு எஸ்30வி என்கிற எஃகு. 2001ல் க்ரூசிபிள் என்கிற அமெரிக்க எஃகுக் கம்பெனி கத்திக்கென்றே கொண்டுவந்தது, கத்திக்காரர் கிறிஸ் ரீவின் யோசனையும் அதில் உண்டு. செபென்ஸா என்கிற மடக்குக் கத்தியை உருவாக்கினாரே அவர்தான், அந்தப் பெயருக்கு ஜூலு மொழியில் வேலை என்று அர்த்தம். அந்த எஃகில் கார்பன் 1.45 சதவீதம், குரோமியம் 14, வனேடியம் 4. உருக்கிய எஃகை வாயுவால் பீய்ச்சிப் பொடியாக்கி, அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி ஒரே கட்டியாக்குகிறார்கள், அதனால் உள்ளே இருக்கிற கடினத் துகள்கள் ஒரே சீராகப் பரவி நிற்கும். அப்புறம் சூடேற்றி, குளிரவைத்து, மறுபடி சுமார் 200 டிகிரியில் பதம் வைத்து ராக்வெல் என்கிற கடினத்தன்மை அளவில் 60 பக்கம் கொண்டுவருகிறார்கள். பூட்டு, அச்சு, தகடு எல்லாம் கம்ப்யூட்டர் கடைசலில் நூல் பிடித்த மாதிரி வருகிறது. இத்தனைக்கும் பிறகு கடைசியில் ஓர் ஆள், ஓடுகிற உப்புத்தாள் பெல்ட்டில் இந்தப் பக்கம் சில இழுப்பு, அந்தப் பக்கம் சில இழுப்பு. அங்கேதான் எல்லாம் போகிறது. மீதி எல்லாவற்றையும் எந்திரம் பார்த்துக்கொள்கிறது, கூர் மட்டும் இன்னும் பெரும்பாலும் மனுஷன் கையில் இருக்கிறது. அவனுக்கு அன்றைக்கு எத்தனை கத்தி முடித்தாக வேண்டுமோ, பக்கத்தில் நின்று மேஸ்திரி எத்தனை முறை கத்தினாரோ.

அந்தப் பெல்ட் விஷயத்தில் இன்னொரு தொல்லை உண்டு. விளிம்பின் நுனி ஒரு முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு. தண்ணீர் விடாமல் வேகமாக ஓடுகிற பெல்ட்டில் அதை வைத்தால் அலகின் உடம்பு சூடாவதற்கு முன்னாலேயே நுனி சூடாகிவிடும். அலகைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புகூட இருக்காது, ஆனால் நுனியில் வைத்த பதம் போயிருக்கும். புதுக் கத்தி சீக்கிரம் மழுங்குகிறது, இரண்டு மூன்று தடவை கல்லில் கையால் தீட்டிய பிறகுதான் நன்றாக நிற்கிறது என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். பழைய நுனி தேய்ந்து நல்ல இரும்பு வெளியே வரவேண்டும். தெருவில் சைக்கிள் மிதித்துச் சாணை பிடிக்கிறவரிடம் ஏன் கொடுக்கக் கூடாது என்று ஒருத்தர் கேட்டார். வீட்டுக் கத்திக்கும் அருவாமனைக்கும் தாராளமாகக் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன், அவர் பிழைப்பு நடக்கட்டும். ஆனால் அந்தத் தீப்பொறி பறக்கிறதே, அது 19,000 ரூபாய்ப் பதத்துக்கு ஆகாது.

அதற்காக, வாங்கின அன்றைக்கே கை முடி மழிக்கிற கத்திதான் நல்ல கத்தி என்றும் யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாட்பாரக் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சவரக் கத்தி மாதிரி இருந்தது. நாலு அட்டைப்பெட்டி பிரித்தேன், ஐந்தாவதுக்கு என் நகமே தேவலை என்று ஆகிவிட்டது. பூட்டு ஒரு நாள் தானாக மடங்கி விரலைப் பதம் பார்த்தது, தையல் வரை போகவில்லை. மென்மையான இரும்பில் கூர் வைப்பது சுலபம், அதை நிறுத்துவதுதான் கஷ்டம். ஆக, கூரை மட்டும் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. ஆனால் கையிலிருந்து அனுப்புகிறவன் கடைசியாக ஒரு தடவை வெட்டிப் பார்த்தானா இல்லையா என்பதைக் கூர் காட்டிக்கொடுத்துவிடும். என் கத்தியை யாரும் ஒரு பேப்பரில்கூட வைத்துப் பார்க்கவில்லை. 19,000 ரூபாயில் அதற்கு அரை நிமிஷம் கிடைக்கவில்லையா?

முடியாத காரியம் என்றால் விட்டுவிடலாம். பிரான்சின் சவுவா மலைப் பக்கம் 1890ல் ஜோசப் ஒப்பினல் ஆரம்பித்த கத்தி இன்றைக்கும் வருகிறது. பீச் மரப் பிடி, ஒரு அலகு, 1955லிருந்து ஒரு திருகு வளையப் பூட்டு, அவ்வளவுதான். எட்டாம் நம்பர் ஒன்று சில வருஷம் முன்னால் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். வந்த அன்றே தக்காளியைச் சீட்டுச் சீட்டாக அரிந்தது. அலகு மெல்லிசு, விளிம்புக்குப் பின்னால் இரும்பு கனமில்லாமல் இருக்கும், அதனால் கொஞ்சம் மழுங்கினாலும் வெட்டும். குறை இல்லாமல் இல்லை. கார்பன் அலகில் மாங்காய் அரிந்தால் ஐந்து நிமிஷத்தில் நீலம் பாய்ந்து கறுக்கும், மாங்காயிலும் இரும்பு வாடை அடிக்கும். ஏற்காட்டு மழையில் மரப்பிடி ஊறிப் பெருத்து அலகு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும், பிடியின் பின்முனையைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டித்தான் திறக்கவேண்டும். விக்டோரினாக்ஸும் வந்த அன்றே வெட்டுகிற ரகம்தான். 1884லிருந்து சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் செய்கிறார்கள், எஃகு 56 ராக்வெல் பக்கம், கத்திப் பைத்தியங்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஆனால் நான் இதுவரை வாங்கிய நாலும் பெட்டியிலிருந்து எடுத்ததும் வெட்டின. மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடி விளிம்பில் நாலு இழுப்பு போதும்.

எங்கள் பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார், பலருக்கும் இருக்கும். "நம்மூர்லயே இரும்பாலை இருக்கு, அங்க தகடு வாங்கி நாமளே அடிச்சா என்னடா?" பெரியப்பா, பாத்திரத்துக்குப் போகிற 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் கார்பன் 0.08 சதவீதம்கூடத் தாண்டாது. காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் அது கெட்டிப்படாது. சாம்பார் வைக்க அதை மிஞ்ச ஆளில்லை, கத்திக்கு ஆகாது. ஆனால் இந்த ஊருக்கும் கத்திக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லமுடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர், இந்தப் பக்கத்து இரும்புத் தாதுவை நம்பித்தான் 1830களில் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்டார். அது அவருக்குக் கைகொடுக்கவில்லை. இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கிற முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு அந்த முறையில் கொழித்தது, அவருக்கு வருஷக்கணக்கில் வழக்குதான் மிஞ்சியது. இரும்புத் தாது இருக்கிற எங்கள் கஞ்சமலையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷன் ஞாபகம் வரும் எனக்கு.

சரி, கத்திக்கு வருகிறேன். திருப்பி அனுப்பவில்லை, நானே உட்கார்ந்தேன். வீட்டில் இருந்த எண்ணெய்க் கல்லில் முதலில் தேய்த்தேன், கல்தான் வழவழப்பானது. வனேடியம் துகள் அந்தக் கல்லைவிடக் கெட்டி, டைமண்ட் தட்டு இல்லாமல் இந்த எஃகிடம் போகக் கூடாது. சொரசொரப்பு நம்பர் 400, 1000 என்று இரண்டு தட்டு வாங்கினேன். விளிம்பு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு அடித்துவிட்டுத் தேய்த்தால் கல் எங்கே படுகிறது என்று தெரியும். மை போகாத இடம் நமக்கு மிச்சமிருக்கிற வேலை. அகலம் குறைந்த பக்கத்துக்கே முதல் நாள் போய்விட்டது. பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி இருந்த சரிவை 17க்கு இறக்கினேன், அதிலேயே வெட்டு மாறிவிட்டது. கடைசியில் பிசிறு எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும், கையின் கனத்தைக்கூடக் கொடுக்காமல் மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பு, அப்புறம் பழைய தோல் பெல்ட்டில் பச்சை மெருகுக் கட்டியைப் பூசி அதில் பின்பக்கமாக இழுக்கவேண்டும். எங்கள் அப்புச்சி காலத்து நாவிதர் வாரில் கத்தியை மாற்றி மாற்றிப் போடுவாரே, அதே வேலை. மூன்று சாயங்காலம் ஆனது. இப்போது மல்கோவாத் தோல் தானாக இரண்டாகப் பிரிகிறது. மனைவி பார்த்தாள், பாராட்டவில்லை, வெங்காயக் கத்தியையும் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதோடு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி நாகலூர்ப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போனேன். நிழல் மரம் கழிக்கிற வேலை நடக்கிறது. அங்கே வேலை பார்க்கிற அண்ணன் மிளகுக் கொடியில் கட்டு அறுக்க என் கத்தியை வாங்கினார், ஒரே இழுப்பில் அறுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்து விலை கேட்டார். பாதி சொன்னேன். "இதுக்கா சார்?" என்று சிரித்துவிட்டுத் தன் கொடுவாளை நீட்டினார். லாரிப் பட்டையில் பட்டறைக்காரர் அடித்துக் கொடுத்தது, 450 ரூபாய், கையில் வாங்கும்போதே கூராக இருந்ததாம். பட்டறையிலேயே ஒரு குச்சியை வெட்டிக் காட்டித்தான் காசு வாங்குவாராம். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

போகும்போது டைமண்ட் தட்டைப் பார்த்து, "இது ரெண்டு நாளைக்கு இருக்கட்டும் சார்" என்றார். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் தரவில்லை.