பதின்மூன்றாம் நாள் காரியம்

பதினொன்று.

காலையில் பல்கூடத் துலக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடியே லேப்டாப்பைத் திறந்தால் பதினொன்று என்று காட்டுகிறது. நேற்று ராத்திரி படுக்கும்போது பன்னிரண்டு இருந்தது. அதற்கு முந்தைய ராத்திரிகளிலும் பன்னிரண்டுதான் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், வைஃபையை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், போனிலும் ஒரு தடவை பார்த்தேன். பதினொன்றேதான். இன்னும் ஒரே ஒரு நாள் தாண்டியிருந்தால் முடிந்திருக்கும்.

ஆப் வெளியிடப் போய் அடிபட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், இந்நேரம் வயிறு கலங்கியிருக்கும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள், இருந்தாலும் கேளுங்கள். கூகுள் பிளே ஸ்டோரில் ஆப்பை வெளியிட வேண்டுமென்றால், முதலில் அதைச் சோதித்துப் பார்க்க ஆள் பிடிக்க வேண்டும். 12 பேர், 14 நாள், இடைவிடாமல். அந்தப் பன்னிரண்டு பேரும் தங்கள் மெயில் ஐடியைத் தர வேண்டும், நாம் அனுப்பும் லிங்க்கைத் தொட்டு 'சோதித்துப் பார்க்கச் சம்மதம்' என்று பொத்தானை அழுத்த வேண்டும், பதினான்கு நாளும் அப்படியே இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் எழுந்து போனால் அந்த நாற்காலிக்கு மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டால்கூட அவனவன் விரதம் அவனவனோடு. பக்கத்து வீட்டுக்காரர் பீடி குடித்தார் என்பதற்காக என் மாலையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

இதில் சாதிப் பாகுபாடு வேறு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனி ஆளாகக் கணக்குத் திறந்தவனுக்குத்தான் இந்த விரதம். அதற்கு முன்னால் திறந்தவர்களெல்லாம் பிறக்கும்போதே சுத்தமானவர்கள் போலிருக்கிறது. கம்பெனி என்று பதிந்தாலும் தப்பிக்கலாம், ஆனால் அதற்கு டன்ஸ் எண் என்று, கம்பெனிகளுக்கான அடையாள எண், ஒன்பது இலக்கத்தில் ஒன்று வாங்க வேண்டும். வீட்டு மாடியில், துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து ஆப் எழுதுகிறவன் கம்பெனிக்கு எங்கே போவான்? ஆரம்பத்தில் 20 பேர் கேட்டார்களாம். 2024 டிசம்பரில் மனமிரங்கி 12 ஆக்கினார்கள். மார்கழித் தள்ளுபடி. கணக்குத் திறக்க 25 டாலர், நம் காசில் இரண்டாயிரத்துச் சொச்சம், அது மட்டும் அன்றைக்கே, ஒரே நொடியில் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பதினான்கு நாள் சோதனை எதுவும் கிடையாது.

எதற்காக இதெல்லாம் என்றால், தரமில்லாத ஆப் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாதாம். நல்லது. அதே கடையில் போய் ஒரு டார்ச் லைட் ஆப்பை இறக்கிப் பாருங்கள், லைட் எரிவதற்கு முன் உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்கும். அந்த டார்ச்சைப் பன்னிரண்டு பேர் பதினான்கு இரவு அடித்துப் பார்த்தார்களா என்று கேட்டால் நான் பொறாமைக்காரன்.

என் ஆப் அப்படி ஒன்றும் ராக்கெட் இல்லை. மொய் நோட்டு. அவ்வளவுதான். யார், எந்த ஊர், எந்த விசேஷம், எவ்வளவு செய்தார், நாம் திருப்பி எவ்வளவு செய்தோம். பீரோவில் துணிக்கடைப் பைக்குள் சுருட்டி வைத்திருக்கும் நோட்டைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுத்துப் புரட்டும் அம்மாவுக்காக எழுத ஆரம்பித்தது. இணையம்கூட வேண்டாம், எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும். யாருடைய காண்டாக்ட் லிஸ்ட்டும் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது பன்னிரண்டு மனிதர்கள்.

நண்பர்களைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் நண்பன் என்று இப்போது எவன் இருக்கிறான்? பாதிப் பேர் தவணையில் ஐபோன் வாங்கிவிட்டு, 'மச்சான், அங்கே போட்டுட்டுச் சொல்லுடா' என்கிறார்கள். அங்கே, அதாவது ஆப்பிள் கடையில், வருஷத்துக்கு 99 டாலர். ஆனால் ஒன்று, சோதனைக்கென்று அவர்கள் வைத்திருக்கும் டெஸ்ட்ஃபிளைட்டில் 10,000 பேர் வரை வெளியாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம், இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கழுத்தைப் பிடிப்பதில்லை. அது தெரிந்தபோது இன்னும் கொஞ்சம் எரிந்தது.

முதல் சுற்றில் என்னைப் போன்ற அநாதைகளோடு சேர்ந்துகொண்டேன். நீ என் ஆப்பை இறக்கு, நான் உன் ஆப்பை இறக்குகிறேன். நீ செய்ததற்கு நான் திருப்பிச் செய்வேன், செய்யாவிட்டால் நாலு பேர் முன்னால் கேட்பாய். யோசித்துப் பாருங்கள், இதற்குப் பெயர் மொய் இல்லாமல் வேறு என்ன? பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி வந்தால் மொய் விருந்து என்று பந்தல் போட்டுக் கறிச்சோறாவது போடுவார்கள். இங்கே அதுவும் இல்லை. இரண்டு வாரத்தில் என் போனில் பதினேழு ஆப். தண்ணீர் குடிக்கச் சொல்லி நினைவூட்டுபவை மட்டும் நாலு. நாலும் ஒரே நேரத்தில் கத்தும். ஒன்று என் தூக்கத்தைக் கணக்கெடுப்பதாகச் சொல்லி ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டது.

பதினான்கு நாள் முடிந்து விண்ணப்பம் போட்டேன். அதில் ஒரு கேள்வி: சோதனைக்கு ஆள் திரட்டுவது உங்களுக்கு எவ்வளவு எளிதாக இருந்தது? இதைக் கேட்க எவ்வளவு மனத்துணிவு வேண்டும்! கையை உடைத்துவிட்டு, வலி எப்படி, சுமாரா அதிகமா என்று டிக் அடிக்கச் சொல்வதுபோல். அடித்தேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் டெஸ்டர்கள் ஆப்பை ஈடுபாட்டோடு பயன்படுத்தவில்லை, இன்னும் பதினான்கு நாள் சோதியுங்கள். ஒருத்தன்கூடத் திறந்தே பார்க்கவில்லை. நானும் அவர்களுடையதைத் திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

காசு கொடுத்தால் பன்னிரண்டு பேரைத் தருகிறோம் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஆள் யார், போன் யாருடையது என்று கேட்கக் கூடாது. ஆக, போலிகளைத் தடுக்க ஒரு சட்டம் போட்டு, போலி ஆட்களை விற்பதற்கு ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டார்கள். அங்கே போக மனசு வரவில்லை. அதனால் இரண்டாவது சுற்றில் சொந்தக்காரர்களிடம் போனேன். புத்தி கெட்டுத்தான் போனேன்.

பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, உசிலம்பட்டிப் பக்கம்.

"மாமா, உங்க மெயில் ஐடி சொல்லுங்க."

"அது போன் கடைப் பையன் போட்டுக் குடுத்தது மாப்ள. அவன் இப்ப திருப்பூர் போயிட்டான்."

இந்த நாட்டில் பாதிப் பேருடைய மெயில் ஐடி திருப்பூரில் இருக்கிறது. பாஸ்வேர்டும் அங்கேதான். எப்படியோ, போனைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொடச் சொல்லி, "எந்த மூலை?", "வலது மூலை மாமா", "என் வலதா உன் வலதா?" என்று முக்கால் மணி நேரம் போராடி ஐடியை வாங்கினேன். மாமா பெயருக்குப் பின்னால் ஒரு நடிகர் பெயர், அதற்குப் பின்னால் 007. சேர்த்தேன். லிங்க் அனுப்பினேன். 'இந்த ஆப் உங்கள் கணக்குக்கு இல்லை' என்று வந்தது. ஏனென்றால் அந்தப் போனில் இன்னொரு ஐடியும் இருக்கிறது. அது அத்தையுடையது, யாருக்கும் தெரியாமல் அதுதான் முன்னால் நின்றுகொண்டிருந்தது. குடும்பத்திலும் அப்படித்தான் என்பதால் எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். அத்தை ஐடியையும் சேர்த்து, மறுபடி லிங்க் அனுப்பி, ஒருவழியாக 12 வந்தது. அன்றைக்கு நான் பக்கத்துக் கடையில் போய் அல்வா வாங்கிச் சாப்பிட்டேன். அதுதான் சகுனம் என்று தெரியவில்லை.

இப்போது இன்று காலைக்கு வாருங்கள். பதினொன்று என்று காட்டுகிறதே தவிர, போனது யார் என்று காட்டாது. எண்ணிக்கை மட்டும்தான். ஆக, பன்னிரண்டு பேருக்கும் வரிசையாகப் போன். தம்பி, "சத்தியமா நான் இல்லை". சித்தி, "அய்யோ நான் தொடக்கூட இல்லைடா". பெரியப்பா பையன் எடுக்கவே இல்லை, அவன் எப்போதுமே எடுப்பதில்லை. ஏழாவது போன் மாமாவுக்கு.

"மாமா, நேத்து ராத்திரி அந்த ஆப்ல ஏதாவது பண்ணீங்களா?"

"எந்த ஆப்பு?"

மாமா வாயில் அது எப்போதுமே ஆப்புதான். அவர் சொன்னதே சரி.

"மொய் ஆப் மாமா."

"ஆமா, நீதான் தினமும் திறந்து பாக்கணும்னு சொன்னேல்ல. பேரன் திறந்து குடுப்பான். நேத்து அவன் டியூசன் போயிட்டான். நானே திறந்தேன்." குரலில் ஒரு பெருமை.

"எப்படி மாமா திறந்தீங்க?"

"வாட்ஸாப்ல நீ அனுப்புன லிங்க்க தொட்டேன். ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு. கீழ ஒரே ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்குனேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஏற்கெனவே சேர்ந்த ஆள் அந்த லிங்க்கைத் தொட்டால், நீங்கள் ஏற்கெனவே டெஸ்டர்தான் என்று ஒரு பக்கம் வரும். அதற்குக் கீழே இருப்பது 'வெளியேறு' பொத்தான். மனிதனுக்கு முன்னால் ஒரே ஒரு பொத்தானை வைத்தால் அவன் என்ன செய்வான்? கும்பிடவா செய்வான்?

"அமுக்குனப்புறம் என்ன ஆச்சு மாமா?"

"ஒண்ணும் ஆகலை. திறக்கலை. சரின்னு இன்னொரு தடவ லிங்க்க தொட்டேன். இப்ப வேற பட்டன் வந்துச்சு."

அது 'மறுபடி சேர்' பொத்தான்! தெய்வமே, அதை மட்டும் அமுக்கியிருந்தால்!

"அமுக்குனீங்களா மாமா?"

"சேச்சே. நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். கண்டதையும் அமுக்கக் கூடாதுன்னு நீதானே மாப்ள சொன்ன?"

சொன்னேன். போன வருஷம், அவருக்கு ஏதோ பார்சல் வந்திருக்கிறது என்று லிங்க் வந்தபோது, நான்தான் சொன்னேன். வேலை செய்திருக்கிறது. பதின்மூன்று நாளில் அந்த அறிவுரையை ஒரே ஒரு தடவைதான் கடைப்பிடித்தார், அந்தத் தடவை பார்த்து. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, கணக்குல எதுவும் குறையுதா?" என்றார். ஒன்று குறைகிறது மாமா, ஒன்றே ஒன்று என்றேன். "ஒண்ணுதானே, போட்டுக்க" என்று வைத்துவிட்டார்.

போட்டுக்கொள்ள வேண்டியதுதான். புதிதாக ஒரு ஆள், புதிதாகப் பதினான்கு நாள். அதற்குள் மற்ற பதினோரு பேரில் எவன் போனை மாற்றுவான், எவன் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று ஆப்பைத் தூக்குவான் என்று தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு, 'எல்லாரும் ஆப்பைத் திறந்தீங்களா?' என்று குடும்பக் குழுவில் நான் அனுப்பும் செய்திக்கு, போன வாரம் முதல் சித்தப்பா பதிலாக இரவு வணக்கம் ரோஜாப்பூ அனுப்புகிறார். அண்ணி என்னைப் பார்த்தாலே போனைத் திருப்பி வைத்துக்கொள்கிறார். எல்ஐசி முகவருக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

உண்மையாகவே ஆப்பைப் பயன்படுத்தியது ஒரே ஒரு டெஸ்டர்தான், அம்மா. சோதனைக்கு ஏதாவது பொய்ப் பெயராகப் போட்டுப் பார் என்றுதான் சொல்லியிருந்தேன். மொய்யில் பொய் எழுதச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு, பீரோவிலிருந்து நோட்டை எடுத்து அக்கா கல்யாணம் முழுவதையும் ஏற்றியிருக்கிறார். நானூற்றுச் சொச்சம் பேர். மத்தியானம் கோபம் கொஞ்சம் தணிந்து, அடுத்து யாரைப் பிடிக்கலாம் என்று அம்மா போனில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் போன இடத்தில் மாமா பெயர் வந்தது.

501.

எதிர்ப் பக்கத்தில், அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் செய்தது 2,001. அதுவும் அப்பாவுக்குச் சம்பளம் வராத மாதம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, என் செமஸ்டர் ஃபீஸை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டுச் செய்தது. ஐநூற்றி ஒன்று! அந்த ஒரு ரூபாயும் கவரிலேயே ஒட்டி விற்கிற ஒரு ரூபாய்! பெரியகுளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த தூரத்துச் சொந்தம் 1,001 செய்திருக்கிறது. இந்த ஆளிடம் போய் நான் முக்கால் மணி நேரம் வலது மூலை, இடது மூலை என்று பாடம் நடத்தியிருக்கிறேன்.

குறிப்பு என்று ஒரு பெட்டி வைத்திருந்தேன். யாரும் நிரப்ப மாட்டார்கள், அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்த பெட்டி. மாமா பெயருக்கு நேரே அம்மா நிரப்பியிருக்கிறார்: 'ஏழு பேர் வந்து சாப்பிட்டார்கள்.'

ஏழு பேர்! அந்த ஏழு பேரிடமும் ஆளுக்கொரு மெயில் ஐடி வாங்கிக்கொண்டு இலை போட்டிருந்தால் நான் இன்றைக்கு இந்த நிலைமையில் இருப்பேனா?