அரைப்பேர் விழுந்த நாள்

ஆங்கிலக் கதையில் சோகம் வர 'க்ளூமிலி' (சோகமாக), 'டிஜெக்டட்லி' (மனமுடைந்து) போன்ற வினையடைகளைத் தாராளமாகப் போடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இலங்கையின் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

சொற்கள் தெரிந்திருப்பது நல்லதுதான். 'டிஜெக்டட்' என்பதன் லத்தீன் வேருக்குக் கீழே எறிவது என்று பொருள். அதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குத் தலை தொங்கிய ஒருவர் கண்முன் வந்துவிடுகிறார். அப்புறம், 'லி' என்று முடிவதெல்லாம் வினையடை இல்லை என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். 'லோன்லி' பெயரடை. தனியாக உட்கார்ந்தாள் என்று நினைத்து 'ஷீ சாட் லோன்லி' என எழுதிய கொப்பிகளை எத்தனையோ திருத்திவிட்டேன்.

ஆனால் போன மாதம் ஒரு மாணவி, அம்மா 'சேட்லி' (சோகமாக) வீட்டுக்கு வந்தார் என்று எழுதியிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். பறித்த கொழுந்து நிறை குறைந்து அன்றைக்கு அரைப்பேர்தானாம், அதாவது அரைநாள் சம்பளம். அம்மா இடுப்பில் கட்டிய ஈரப் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் லயத்து வரிசை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த அட்டைப்பூச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிடுங்கவில்லை. சரி, அதையே எழுது என்றேன். எழுதினாள். 'சேட்லி'யை அவளே அடித்துவிட்டாள்.