கையெழுத்துக்கு முன் வரும் கையெழுத்து

தனியாக வாழும் வயதான பெண்களை வீட்டை விற்கச் சொல்லி உறவினரும் தரகரும் நெருக்குவது பற்றிய கட்டுரைக்கு நன்றி. ஆனால் கிரயத்துக்கு வெகு முன்பே நடக்கும் பவர் பத்திர வேலையை, அதாவது நம் சார்பில் சொத்தை விற்கக்கூட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதி வாங்குவதை, இதில் காணோம். "பட்டாவுக்கு நீங்க ஏன் அலையணும் அத்தை, ஒரு கையெழுத்து போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்கள் தெருவில் கண்புரையுள்ள ஒரு பெரியம்மாவிடம் அப்படித்தான் தாளை நீட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கி உரக்கப் படித்தாள். நடுவில் 'கிரயம் செய்து கொடுக்கவும், தொகையைப் பெற்றுக்கொள்ளவும்' என்று இருந்தது! நல்லவேளை, கையெழுத்தாகவில்லை.

போட்டுவிட்டாலும், வீடு கைமாறும் முன் பவரை ரத்து செய்து பதியலாம். பவர் வாங்கியவரிடம் பணம் பெற்றதாக எழுதியிருந்தால்தான் சிக்கல். மகனுக்கோ மகளுக்கோ தானமாக எழுதுபவர்கள், 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு கைவிட்டால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அதைச் செல்லாததாக்கலாம். வாய்ப்பேச்சை நம்பினால் வழக்கு இழுக்கும்.

வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம், எண் 15100. முதியோர் உதவி எண் 14567.

பதிவு அலுவலகத்தில் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.